மாமி வீட்டுக்கு முதலில் சொன்ன மகனுக்கு

அன்பு மகனே,

பின்னேரத்திலிருந்து உனக்கு அழைப்பு எடுத்துக் களைத்துவிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்கிறது. சரி, காது தராதவனுக்குக் கண்ணாவது இருக்கும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் மூன்று கிழமையில் உனக்குக் கலியாணம். அது முடிந்த கையோடு மேற்படிப்புக்கு இங்கிலாந்து. இந்த நேரத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதினால் மனைவியோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும், குளிருக்கு எதை உடுக்க வேண்டும் என்றுதான் எழுதுவாள். எனக்கும் அப்படி எழுத ஆசை இருந்தது. நீ அதற்கு இடம் வைக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கையோடு நிற்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எதுதான் ஒருவர் கையோடு நின்றிருக்கிறது? ஆகையால் அந்தப் பிள்ளையின் பெயரை இதில் எழுத மாட்டேன். அவளுக்குப் பத்து வயது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

நடந்ததை முதலிலிருந்தே எழுதுகிறேன், ஏனென்றால் இன்று நீ அதை எனக்கு வேறு விதமாகத் திருப்பிச் சொன்னாய். வியாழக்கிழமை காலை நான் பாடசாலைப் பற்சிகிச்சை அறையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சின்ன வயதில் பாடசாலை விட்டதும் ஓடி வந்து, என் சுழல்கதிரையில் ஏறிச் சுற்றி, எனக்குக் கோபம் வரவைக்கிற அதே அறைதான். வரிசையில் அவள் வந்தாள். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. படிக்க வைப்பதற்கென்று வன்னியிலிருந்து கூட்டிவந்து உன் மாமி வீட்டில் வைத்திருந்த பிள்ளை. நாங்கள் அந்த வீட்டுக்கு உனக்குப் பெண் கேட்டுப் போன அன்று தேத்தண்ணீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோடு நின்றாளே, அவள்தான். அன்றைக்கு உன் மாமி, “எங்கடை பிள்ளை மாதிரித்தான் வளர்க்கிறம் அக்கா” என்று சொன்னா. சொந்தப் பிள்ளை கதிரையில் இருக்க, பிள்ளை மாதிரி வளர்கிறவள் தட்டோடு நின்றாள். இப்படியான வீடுகள் எங்களுக்குப் புதிதில்லை என்பதால் அது யாருக்கும் உறுத்தவில்லை.

வாயைத் திறக்கச் சொன்னேன். பாதிதான் திறந்தாள். முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். உதட்டையும் பல் முரசையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்த மெல்லிய தோல் கிழிந்து, ஆறத் தொடங்கியிருந்தது. தலையைத் திருப்பினேன். காதுக்குப் பின்னால் நீலம் பாரித்திருந்தது.

“என்னம்மா நடந்தது?”

“விழுந்திட்டன் மிஸ்.”

“எங்கை?”

“கிணத்தடியிலை. பாசி வழுக்கிப் போட்டுது.”

நீ வைத்தியன், உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். விழுகிற பிள்ளை கையை ஊன்றும். உள்ளங்கை, முழங்கால், நாடி, மூக்கு என்று எங்காவது உரசியிருக்கும். அவளுடைய கையிலும் காலிலும் ஒரு கீறல் இல்லை. காதுக்குப் பின்புறத்தால் யாரும் கிணற்றடியில் விழுவதில்லை. நான் மேற்கொண்டு துருவவில்லை. துருவி விசாரிப்பது என் வேலை இல்லை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். வாயைக் கழுவச் சொல்லி, துடைக்கத் துணி கொடுத்தேன். எழும்பும்போது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, “மாமிக்குச் சொல்லிப் போடாதேங்கோ மிஸ்” என்றாள்.

“மாமிக்குச் சொல்ல மாட்டன்” என்றேன்.

எத்தனை சிறுவர் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போயிருப்பேன்! விடுதி மண்டபங்களில் குளிரூட்டியைப் போட்டு, மத்தியானம் கோழிப் புரியாணி தந்து, வரவுக்குக் கையெழுத்து வாங்கி அனுப்புவார்கள். பாதிப் பேர் நித்திரை கொள்வார்கள். நான் நித்திரை கொள்ளவில்லை. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டியிருக்கும் என்று அங்கேதான் படித்தேன். அதனால் அளந்துதான் பேசினேன். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வேன், மாமிக்கு மட்டும் சொல்ல மாட்டேன். அவளுக்கு நான் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

அவள் வகுப்புக்குப் போனதும் அதிபரிடம் போனேன். “நல்ல குடும்பம் மிஸ், கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்” என்றார். பொறுப்பதற்கு அவருடைய பல்லா உடைந்தது? பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயங்களைப் பார்க்கிற உத்தியோகத்தருக்கு அதிபரின் மேசையில் இருந்தபடியே அழைப்பு எடுத்தேன். இளம்பெண், ஆனால் கெட்டிக்காரி. “உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் காணும் மிஸ், நிரூபிக்கிறது எங்கடை பாடு” என்றாள். அடுத்த நாள் காலை பாடசாலைக்கே வந்து, பிள்ளையை அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுவதாகச் சொன்னாள். “அதுவரைக்கும் ஒருதருக்கும் மூச்சுக் காட்டாதேங்கோ” என்றும் சொன்னாள். ஓம் என்றேன்.

பின்னேரம் நீ வந்தாய். இடியப்பம் அவித்திருந்தேன். நீ கையைக் கழுவிவிட்டு உட்காரும் வரைக்கும் பொறுத்து, உனக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இந்த மூன்று நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு உன் மாமி வீட்டு வாசலில் பொலிஸ் வந்து நிற்கும், அதை நீ யாரோ மூன்றாம் ஆள் சொல்லிக் கேள்விப்படக் கூடாது என்று நினைத்தேன். சம்பந்தப்பட்ட ஆளுக்கு ஒரு சொல் சொல்லாமல் எதையும் செய்தால் அது மரியாதை இல்லை என்று எங்களுக்குள் ஊறிப் போயிருக்கிறதே, அந்தப் பழக்கம்தான் என் வாயைத் திறந்தது. வேலியில் கதியால் வெட்டுவதற்கும் பக்கத்து வீட்டுக்கு ஒரு சொல், பிள்ளையைப் பாடசாலை மாற்றுவதற்கும் பழைய ஆசிரியருக்கு ஒரு சொல். எனக்கு மூச்சுக் காட்டாதே என்று சொல்லியிருந்தும் நான் மகனுக்கு ஒரு சொல் சொன்னேன். அது என் பிழை. பெரிய பிழை. நீ வைத்தியர்களுக்கே உரிய கேள்விகளைக் கேட்டாய். எத்தனை நாள் காயமாக இருக்கும், வேறெங்கும் தழும்பு உண்டா, எரிந்த காயம் ஏதும் உண்டா என்று. எனக்கு உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இன்னும் இரண்டு இடியப்பம் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் பாடசாலைக்கு வரவில்லை. உத்தியோகத்தரும் பொலிஸும் வீட்டுக்குப் போனார்கள். தாய்க்குச் சுகமில்லை, ஊருக்குப் போய்விட்டாள் என்று உன் மாமி சொன்னா. வன்னியில் தாயைத் தேடிப் பிடித்துக் கேட்டால், அந்த மனுஷி வயலில் நல்ல சுகமாக நிற்கிறாள். பிள்ளை வரவே இல்லை. உத்தியோகத்தர் என்னிடம், “மிஸ், நீங்கள் ஆருக்கும் சொன்னனீங்களோ?” என்று கேட்டாள். “வெளியாக்கள் ஒருதருக்கும் சொல்லேல்லை” என்றேன். உன்னை நான் வெளியாளாக நினைக்கவில்லை. நேரே போய் அதிபரோடு சண்டை பிடித்தேன். அந்த மனிதர் வேதப்புத்தகத்தைத் தொடாத குறையாகச் சத்தியம் செய்தார், நான் நம்பவில்லை. வாசலில் பிள்ளைகள் நின்று பார்க்க, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தேன். நாளைக்கு நான் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த வெட்கத்தையும் நீதான் எனக்கு வாங்கித் தந்தாய்.

சனிக்கிழமை போதகர் வந்தார். ஞாயிறு ஆராதனையில் உங்கள் கலியாண ஓலையை முதல் தரம் வாசிக்க வேண்டும். மணமக்களின் பெயரை வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் எழும்பிச் சொல்ல வேண்டும் என்று கேட்கிற இடத்தில் நான் எழும்பிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். ஊரெல்லாம் கதை பரவிவிட்டது, பொலிஸ் வாகனம் எங்கள் சம்பந்தி வீட்டில் நின்றதாம். “அம்மா, நாளைக்கு ஒரு மாதிரிச் சமாளிச்சுப் போடுங்கோ” என்றார். “பயப்பிடாதேங்கோ ஐயா, கலியாணத்துக்கு நான் தடை இல்லை” என்றேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு நிம்மதியாகப் போனார். பிள்ளை கிடைத்துவிட்டதா என்று கேட்கவில்லை.

இன்று காலை தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது உன் மாமி எனக்கு அழைப்பு எடுத்தா. குரலில் அப்படி ஒரு தேன். “அக்கா, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லிறதெண்டு தெரியேல்லை. தம்பி வந்து சொல்லியிருக்காட்டி எங்களுக்குப் பெரிய அவமானமாப் போயிருக்கும். அவரே பிள்ளையைக் காரிலை கொண்டுபோய் விட்டவர். இனி நாங்கள் ஒரு குடும்பம் தானே.”

சீப்பு கையில் இருக்க அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நான் சொல்லித்தான் நீ போனாய் என்று உன் மாமி நினைத்திருக்கிறா. மகனை அனுப்பி எச்சரிக்கிற தாய் என்று என்னை மெச்சினா. அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்த ஒரே வாக்கு மாமிக்குச் சொல்ல மாட்டேன் என்பது. என் வீட்டு மேசையில் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போய், அதே மாமிக்குச் சொன்னவன் என் மகன். அவள் என்ன நினைத்திருப்பாள்? மிஸ் வாயைப் பார்த்த கையோடு மாமிக்குத் தெரிந்துவிட்டது, மிஸ்ஸின் மகனே காரோடு வந்து நிற்கிறார் என்று நினைத்திருப்பாள். இனி அவள் வாழ்நாளில் யாருக்காவது வாயைத் திறந்து காட்டுவாளா?

உன்னைப் பற்றி நான் எப்போதும் பெருமையாகச் சொல்கிற ஒரு கதை உண்டு. நானும் அப்பாவும் பேசாமல் இருக்கிற நாட்களில் நீதான் தூது. அடுப்படியிலிருந்து நான், “வந்து கொட்டிப்போட்டுப் போகச் சொல்லு” என்பேன். நீ முன்னறைக்குப் போய், “அப்பா, அம்மா சாப்பிட வரட்டாம்” என்பாய். அவர், “உன்ரை அம்மாவையே தின்னச் சொல்லு” என்பார். நீ திரும்பி வந்து, “அப்பா இப்ப வாறாராம்” என்பாய். எங்களுக்கு இரண்டு பக்கமும் கேட்கும், சிரிப்பை அடக்கிக்கொண்டு இருப்போம். அப்பா செத்த வீட்டில்கூட இதைச் சொல்லிச் சிரித்தோம். இந்தப் பிள்ளை எங்கே போனாலும் சமாதானம் செய்துவிடும் என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். அது குணம் என்று நினைத்தேன். யாருடைய முகமும் சுருங்காமல் பார்த்துக்கொள்வதைத்தான் நீ இத்தனை வருடமும் பழகியிருக்கிறாய், மகனே. பெரியவர்களின் முகத்தை மட்டும்.

ஆராதனைக்குப் போனேன். நீ இரண்டு வரிசை முன்னால் அவர்களோடு இருந்தாய். போதகர் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்தினார் போல இருந்தது. உன் மாமி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தா. நான் எழும்பவில்லை. வளர்ந்த இரண்டு பேர் விரும்பிக் கலியாணம் செய்வதற்கு, யாருக்காவது ஏதாவது தெரிந்தால் சொல் சொல் என்று மூன்று ஞாயிறு கேட்கிறோம். பத்து வயதுப் பிள்ளையின் வாய் கிழிந்திருப்பதை ஒருத்தி சொன்னால் சமாளித்துப் போடுங்கோ என்கிறோம். இதை நினைத்துக்கொண்டு இருந்ததில் பிரசங்கம் என்னவென்று என் காதில் விழவில்லை.

முடிந்ததும் உன்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டேன். நீ மறுக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

“ஓம் அம்மா, நான்தான் கொண்டுபோனனான். அவைக்கு ஒரு சொல் சொல்லாமல் எப்பிடி? நாளைக்கு நான் அந்த வீட்டு வாசல் மிதிக்க வேண்டாமோ?”

“பிள்ளை எங்கை?”

“நல்ல இடத்திலைதான் இருக்கிறா. அடிக்கிற வீட்டிலையிருந்து எடுத்தாச்சுத் தானே, பிரச்சினை முடிஞ்சுது.”

“அடிக்கிற வீடெண்டு உனக்குத் தெரியுமோ, அப்பன்?”

நீ உடனே சட்டம் பேசத் தொடங்கினாய். “அம்மா, நீங்கள் கட்டாயம் அறிவிக்க வேணுமெண்டு சட்டத்திலை நேரா எங்கையேன் இருக்கோ? அதிபருக்குச் சொன்னதோடை உங்கடை கடமை முடிஞ்சுது. நான் அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பாக்கவும் இல்லை, எனக்கு ஒண்டும் இல்லை.” சட்டம் படித்தவர்களே எங்கள் நாட்டுச் சட்டம் இந்த விடயத்தில் இன்னும் தெளிவாக வேண்டும் என்று சொல்கிறார்கள்தான். இருக்கட்டும். எங்கே எழுதவில்லை என்று தேடிப் பார்க்க உனக்கு நேரம் இருந்திருக்கிறது. உதட்டின் உட்புறக் காயம் எத்தனை கெதியாக ஆறும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கும்போது அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. காதுக்குப் பின்னால் நீலமும் மறைந்துவிடும். பிறகு நான் ஒரு பைத்தியக்காரி, அவள் கிணற்றடியில் விழுந்தவள். அதற்காகத்தானே எல்லோரும் நாளைக் கடத்துகிறீர்கள்? அவளைக் காப்பாற்றினேன் என்று சொல்லாதே. காப்பாற்றுகிறவன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான். உன் கார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தானே போயிருக்கும்.

நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ரியூசன் மாஸ்ரர் உன்னைத் தடியால் அடித்துக் கையைத் தூக்க முடியாமல் வந்தாய். சைக்கிளால் விழுந்தேன் என்றுதான் நீயும் சொன்னாய். நான் நம்பவில்லை. வேலை உடுப்போடே அந்த வீட்டுக்குப் போனேன். எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்க அவரைக் கேள்வி கேட்டேன். அடித்தால்தான் பிள்ளை உருப்படும் என்று ஊர் எனக்குப் புத்தி சொன்னது. உனக்கும் வெட்கமாகப் போய்விட்டது, என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அடுப்படியில் வந்து, “அம்மா, நீங்கள் வருவியள் எண்டு எனக்குத் தெரியும்” என்று சொன்னாய். மறந்திருப்பாய். உனக்கு ஆள் வந்தது மகனே. அவளுக்கும் ஆட்கள் காலையில் வர இருந்தார்கள். நீ முதல் நாளே போய் அவளை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனாய். எனக்கு இதுதான் ஆறவில்லை. ஒரு கோழையாக நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நோகாது.

இங்கிலாந்தில் உன் மேசைக்கு முன்னாலும் பிள்ளைகள் வந்து இருப்பார்கள். அங்கே சட்டம் உன்னை விடாது, பயத்திலாவது செய்வாய். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இது தாயாகச் சொல்வதில்லை, இத்தனை வருடம் பிள்ளைகளின் வாயைப் பார்த்தவளாகச் சொல்கிறேன். என்ன நடந்தது என்று நீ பிள்ளையைக் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கிற பெரியவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால், பேனையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெரியவரை வெளியே இருக்கச் சொல். அவர் உன் மாமியாக இருந்தாலும் சொல். நானாக இருந்தாலும் சொல். பிள்ளை பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. அதன் பிறகு யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குச் சொல், வேறு யாருக்கும் சொல்லாதே. உன் மனைவிக்கும் சொல்லாதே. அன்றைக்கு நான் உனக்குச் சொன்னது போலச் சொல்லாதே.

உன் மாமி கெட்டவ என்று நான் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. யார் அடித்தது என்று எனக்குத் தெரியாது. அதைத் தேடுவதற்குத்தான் பிள்ளை வேண்டும், அவளுடைய வாய் வேண்டும். உன் கலியாணத்தைக் குழப்புகிறேன் என்று நினைக்காதே. கட்டப் போகிறவள் நல்ல பிள்ளை, அவளுக்கு இதில் எவ்வளவு தெரியும் என்றும் எனக்குத் தெரியாது. அவளை நீ கட்டு. ஆனால் அந்தப் பத்து வயதுப் பிள்ளை இன்றிரவு எந்த வீட்டில், யாருடைய கையில் சாப்பிடுகிறாள் என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்களில் நீ ஒருவன். அவளுடைய தாய்க்குக்கூடத் தெரியாது. இதை வாசித்து முடித்ததும் உத்தியோகத்தருக்கு அழைப்பு எடுத்து இடத்தைச் சொல். என் முகத்துக்காக வேண்டாம், என் முகத்தை நீ பார்க்காமல் விட்டாலும் பரவாயில்லை.

நீ கேட்பாய், அம்மா அடுத்ததாகச் செய்யப் போவதை ஏன் வேப்பமரத்தடியிலேயே சொல்லவில்லை என்று. உன்னிடம் முதலில் சொல்லிவிட்டுப் பட்டது போதும் மகனே. நீ அவர்களோடு காரில் ஏறிச் சாப்பாட்டுக்குப் போனாய். நான் வீட்டுக்குப் போகவில்லை. தேவாலயத்துக்குப் போன சேலையோடே பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். சிறுவர் பெண்கள் பிரிவில் ஒரு பெண் சார்ஜன்ட் இருந்தா. உத்தியோகத்தரையும் அழைப்பித்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், இடியப்பம் அவித்தது தவிர. பிள்ளையை வீட்டிலிருந்து கொண்டுபோனது யார் என்று தெரியுமா என்று கேட்டா. தெரியும் என்றேன். பெயரைச் சொன்னேன். உன் முழுப் பெயரையும், அப்பாவின் பெயரோடு சேர்த்துச் சொன்னேன். வைத்தியர் என்றும் சொன்னேன், கார் இலக்கத்தையும் சொன்னேன். சார்ஜன்ட் எழுதிக்கொண்டே வந்து, தலையைத் தூக்காமல், “அவர் உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்டா.

“மகன்” என்றேன்.

அம்மா